கொம்பனி போட்ட ஹீட்டர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்கிசையிலிருந்து கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தேன். காலி வீதியில் பழைய கார்களின் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலால் கையை நீட்டிப் படம் எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண், "என்ன வடிவு, பாருங்கோவன்" என்றாள். நான் பார்க்கவில்லை. பழைய அமெரிக்கக் கார்களை யாராவது வடிவு என்று சொன்னால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பதினொரு வயதில் என் வாழ்க்கையின் அரை வருடத்தை அப்படி ஒரு கார் தின்றுவிட்டது.

நாங்கள் அப்போது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். கீழ் வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும். மேல் வீட்டில் அப்பா, அம்மா, நான். வீட்டின் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை. அதற்குள் பெரியப்பாவின் கார். ஐம்பதுகளில் செய்தது. நீண்ட மூக்கு, பின்னால் எழும்பி நிற்கும் இரண்டு செட்டைகள், கறுப்பு நிறம். கொட்டகைக்குள் அது முழுதாக அடங்காது. முன் பம்பர் ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் முழங்கால் அடிபடாதவர் எங்கள் குடும்பத்தில் ஒருவருமில்லை. நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத்துரையிடம் பெரியப்பா இளவயதில் வாங்கிய கார் அது. கடற்காற்று அதன் வெள்ளி விளிம்புகளை வருடம் முழுவதும் தின்றது. பெரியப்பா வருடம் முழுவதும் துடைத்தார்.

பெரியப்பா கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து, தலைமைக் கிளாக்கராக ஓய்வு பெற்றவர். வீட்டில் தண்ணீர் பில்லுக்கு ஒரு கோப்பு, பத்திரிகை போடுபவருக்கு ஒரு கோப்பு, முருங்கை மரம் மதிலுக்கு மேலால் போவது பற்றிப் பக்கத்து வீட்டுக்காரருடன் நடத்திய கடிதப் போக்குவரத்துக்கு ஒரு கோப்பு. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் ஒருவர் பேப்பர் கேட்டுவிட்டார்.

பழைய கார்களுக்கான போட்டி ஒன்றுக்கு அவர் முதல் தடவையாகக் காரைக் கொண்டுபோயிருந்தார். நானும் போயிருந்தேன். நடுவராக வந்த இளைஞர் கையில் ஒரு மட்டையோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெரியப்பா அவருக்குப் பின்னால் நடந்தபடி, எல்லாம் ஒரிஜினல், ஓர் ஆணிகூட மாற்றவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவர் கதவைத் திறந்து, அதன் உள் விளிம்பில் பெயின்ற் கழன்ற இடத்தை நகத்தால் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே சாம்பல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுரண்டியபோது பச்சை மாதிரி ஏதோ தெரிந்தது.

"கறுப்பு கொம்பனிக் கலர் இல்லை, அங்கிள்" என்றார் அவர். பிறகு சிங்களத்தில், "பேப்பர்ஸ் தியெனவத?" என்று கேட்டார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது என்ன நிறம், என்னென்ன ஒப்ஷன் போட்டிருந்தது என்பதற்குப் பத்திரம் இருக்கிறதா என்பது கேள்வி.

பெரியப்பாவிடம் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பத்திரம் இருந்தது. இதற்கு இல்லை. திரும்பி வரும் வழியில் அவர் வானொலியைக்கூடப் போடவில்லை. அது பெரிய விஷயம். காரில் ஏறினால் வானொலிச் செய்தி கேட்கவேண்டும். நாங்கள் இருமினாலும் "ஸ்ஸ்" என்பார்.

மறுநாளே புதிய கோப்பு ஒன்று திறக்கப்பட்டது.

காரின் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், சிறு தகரம் ஒன்று அறையப்பட்டிருந்தது. அதில் இலக்கங்கள். நிறத்துக்கு ஓர் இலக்கம், இருக்கைத் துணிக்கு ஓர் இலக்கம். பெரியப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் அதை வாசிக்க என்னை ஏற்றிவிட்டார். நான் எஞ்சினுக்கு மேல் குப்புறப் படுத்து, டோர்ச் அடித்து, வாசித்தேன். நிறம் இருந்த இடத்தில் துரு. "மூன்றோ எட்டோ தெரியேல்ல பெரியப்பா."

"வடிவாப் பார் பிள்ளை."

"வடிவாப் பாத்தாலும் துருத்தான்."

சட்டையில் கிறீஸ் அப்பியதற்கு அம்மாவிடம் எனக்குத்தான் பேச்சு விழுந்தது.

பிறகு அமெரிக்காவுக்குக் கடிதங்கள் போயின. கார் கம்பனிக்கு ஒன்று, அந்தக் கார்களை வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு ஒன்று, ஏதோ நூதனசாலைக்கு ஒன்று. ஒரு கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு வந்த பதிலில், அந்தக் காலப் பதிவுகள் தங்களிடம் இல்லை என்று இருந்தது. மூன்றாவதுதான் வில்லங்கம். ஒரு நல்ல மனிதர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் இந்தக் கார் அமெரிக்காவில் செய்ததே அல்ல. இலங்கை மாதிரி நாடுகளுக்கு அனுப்புவதற்காகக் கனடாவில் இருந்த தொழிற்சாலையில் செய்தது. பதிவுகள் அங்கேதான் இருக்கும். கனடாவில் உங்களுக்கு யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் இலகு என்று முடித்திருந்தார்.

கனடாவில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று வெள்ளவத்தைத் தமிழரிடம் ஓர் அமெரிக்கர் கேட்கிறார். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேரின் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். பெரியப்பாவின் ஒரே மகன், என் அண்ணா, அங்கேதான் இருந்தார்.

பெரியப்பா அந்தக் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நான்காம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, படியடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, அண்ணாவுக்கு ஒரு ஈமெயில் போடவேணும்."

அண்ணாவின் முகவரியைப் பெரியம்மா தன் கைப்பையின் உள் அறையிலிருந்து எடுத்துத் தந்தார். நான்காக மடித்த துண்டு. என் கையில் தந்ததை மறுபடி வாங்கி, மடிப்பை நீவிவிட்டுத் தந்தார். கசங்கியது பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அப்போது வீடுகளில் இன்டர்நெட் அரிது. காலி வீதியில் ஒரு கொமினிகேஷன் இருந்தது. தொலைபேசிக் கூண்டுகள் நான்கு, கணினிகள் மூன்று, நடத்துவதற்கு ஓர் அக்கா. கணினித் திரையைப் பார்த்தால் பெரியப்பாவுக்குத் தலையிடி வரும். அதனால் வாசலில் கதிரையைப் போட்டு, குடையைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு இருப்பார். வீட்டிலேயே கையால் எழுதிக்கொண்டு வந்த தாளை என்னிடம் தருவார். அந்தக் கணினிகளில் தமிழ் இல்லை. அவரிடமும் கடிதத்துக்கென்று இருந்தது கம்பனி ஆங்கிலம்தான்.

சொந்த மகனுக்கு அவர் எழுதியதைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்: "மேற்படி விடயம் தொடர்பாக, கீழ்க்காணும் இலக்கமுடைய வாகனத்தின் மூலப் பதிவுகளைப் பெற்றுத் தருவதற்கு ஆவன செய்வீராயின் கடமைப்பட்டவனாவேன்." கீழே முழுப் பெயர், அதற்குக் கீழே "ஓய்வுபெற்ற தலைமைக் கிளாக்கர்."

"பெரியப்பா, அண்ணாவுக்கும் இதெல்லாம் போடவேணுமோ?"

"கடிதம் எண்டால் அதுக்கொரு முறை இருக்குப் பிள்ளை. நீ அடி."

அடித்தேன். அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். பதில் இல்லை. "சென்ற ஏழாம் திகதிய எனது கடிதத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்" என்று இரண்டாவது போனது. மூன்றாவது சனிக்கிழமையும் இல்லை. "இதுவரை பதில் கிடைக்காமைக்கு வருந்துகிறேன்" என்று மூன்றாவது போனது. நான்காவதில், கார் இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததாகவும், அதனால் தாமதம் ஏற்பட்டிருக்கலாம் என்றும், பிழைக்குத் தானே பொறுப்பு என்றும் எழுதியிருந்தார். அப்படி ஒரு பிழையும் இருக்கவில்லை. அடித்தவள் நான், எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறொரு நெருக்கடி. சனிக்கிழமை காலைதான் வலைப்பந்துப் பயிற்சி. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் அணியில் நான் கோல் போடுபவள். ஒவ்வொரு கிழமையும் அரை மணி நேரம் பிந்திப் போனேன். ஏன் என்று மிஸ் கேட்டார். பெரியப்பாவின் காருக்குக் கனடாவிலிருந்து பத்திரம் வரவேண்டும் என்று உண்மையைச் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்று நினைத்து மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஏழாவது கிழமை என் இடத்தில் வேறொருத்தி நின்றாள். என்னைவிடக் குள்ளம்.

எட்டாவது சனிக்கிழமை மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தேன். காலி. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெரியப்பாவின் முதுகு தெரிந்தது. அவர் திரும்பவில்லை. கழுத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துக் காதை உள்ளே கொடுத்துக்கொண்டு இருந்தார். இப்படியே நான் கலியாணம் கட்டும் வரைக்கும் சனிக்கிழமைகள் போகப்போகின்றன என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தக் காரைப் பற்றி அமெரிக்கர் ஒருவர் வைத்திருந்த பக்கத்தைத் தேடி எடுத்தேன். அந்த வருடத்துக் கார்களுக்கு என்னென்ன நிறம், என்னென்ன ஒப்ஷன் என்று பெரிய பட்டியல் இருந்தது. நிறங்களின் பெயர்கள் ஐஸ்கிரீம் பெயர்கள் மாதிரி. வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, அண்ணா எழுதுவதுபோல நான் அடித்தேன். நிறம்: கடல்நுரைப் பச்சை, கூரை மட்டும் தந்த வெள்ளை. அது எனக்குப் பிடித்திருந்தது. மணிக்கூடு: உண்டு. ஹீட்டர்: உண்டு. ஹீட்டர் என்றால் வெந்நீர் போடுவது என்று நினைத்தேன். காரில் அப்படி ஒன்று இருந்தால் நல்லதுதானே. பிறகு கொஞ்சம் யோசித்து, வானொலி: இல்லை என்று அடித்தேன். மேலே "டியர் அப்பா", கீழே அண்ணாவின் பெயர்.

அக்கா அச்செடுத்துத் தந்தார். நான் வாசலுக்கு வந்து, "அண்ணா பதில் போட்டிருக்கிறார்" என்றேன்.

பெரியப்பா எழும்பினார். குடை கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"வாசி."

வாசித்தேன்.

"திருப்பி வாசி."

திருப்பி வாசித்தேன். அவர் தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார்.

"வேற ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லைப் பெரியப்பா. எல்லா ஒப்ஷனும் வந்திட்டுது."

"எத்தினை மணிக்கு அனுப்பினவன்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இண்டைக்குக் காலமை பத்து மணிக்கு... இல்லை, எட்டரைக்கு."

அவர் விரல்களை மடித்துக் கணக்குப் பார்த்தார். "அப்ப அங்க ராப் பத்து மணி. வேலையால வந்து, குந்தியிருந்து எழுதியிருக்கிறான்" என்றார். நான் குடையை எடுத்துக் கொடுத்தேன். பயிற்சிக்கு ஓடினால் கடைசி ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.

அந்த வயதில் எனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடவேண்டும். பல வருடங்களுக்குப் பிறகு அம்மா சொன்னது.

அண்ணாவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது கொழும்பில் சுற்றிவளைப்புகள் நடந்துகொண்டிருந்தன. இளம் தமிழ்ப் பையன்களைப் பொலிஸும் ஆமியும் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போவார்கள். அண்ணாவை இரண்டு தடவை கொண்டுபோனார்கள். இரண்டாவது தடவை அவர் திரும்பி வர மூன்று நாளானது. வந்தவர் ஒரு கிழமை கதைக்கவில்லை. எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிடவேண்டும் என்று பெரியம்மா நின்றார். அந்த நேரத்தில் கலியாணங்களுக்குக் கார் விடுகிற ஒருவர் பெரியப்பாவின் காரை விலைக்குக் கேட்டு வந்தார். பெரியப்பா "பாப்பம்" என்றார். அவர் மறுபடி வந்தார். அப்போதும் "பாப்பம்." மூன்றாவது தடவை அவர் வரவில்லை. பெரியம்மா தாலிக்கொடியை விற்றார். அது அண்ணாவைப் பாதி வழிக்குத்தான் கொண்டுபோனது. ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில், எட்டுப் பேரோடு ஓர் அறையில், அண்ணா மாதக்கணக்கில் கிடந்தார். காரை ஏன் விற்கவில்லை என்று பெரியப்பா ஒருவருக்கும் சொன்னதில்லை. கடைசியில் கனடா போய்ச் சேர்ந்து அண்ணா எடுத்த முதல் அழைப்பைப் பெரியப்பாதான் எடுத்தார். "அம்மாட்டக் குடுங்கோ" என்றார் அண்ணா. அதற்குப் பிறகு ஐந்து வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

ஐந்து வருடம் கழித்து அந்த மகனோடு கதை தொடங்குவதற்கு, உலகத்தில் உள்ள அத்தனை விஷயத்தையும் விட்டுவிட்டு, இந்த மனிதர் அந்தக் காரைப் பிடித்தார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு அண்ணா ஞாயிறு மாலை அழைப்பார். பெரியம்மா மேலே வந்து கதைப்பார். சரியாக அந்த நேரத்துக்குப் பெரியப்பா கடற்கரைக்கு நடக்கப் போய்விடுவார். நான் பதில் கொடுத்ததற்கு மறுநாள் ஞாயிறு. பெரியம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அழைப்பு வந்ததும், "மோனை, அப்பாவுக்கு எழுதினியாமே" என்று தொடங்கியவர், அப்படியே நின்றார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீயோ?"

"ஓம்" என்றேன். "எனக்கு வலைப்பந்து பெரியம்மா."

அடி விழும் என்று நினைத்தேன். அவர் தொலைபேசியை என் காதில் வைத்தார். "என்ன எழுதினனீ எண்டு அண்ணாவுக்குச் சொல்லு."

நான் ஒப்புவித்தேன். நிறம், கூரை, மணிக்கூடு. ஹீட்டர் என்றதும் மறுபக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு.

"ஹீட்டரோ? கொழும்பிலையோ? அவர் நம்பிட்டாரோ?"

"ஓம். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னவர். எத்தினை மணிக்கு அனுப்பினவன் எண்டு கேட்டவர். நான் எட்டரை எண்டன். அப்ப வேலையால வந்து எழுதியிருக்கிறான் எண்டு சொன்னவர்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"அம்மாட்டக் குடு" என்றார் அண்ணா.

பெரியம்மா தொலைபேசியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு வரி எழுது மோனை. ஒரே ஒரு வரி" என்று சொல்வது கேட்டது. வைத்ததும் என்னிடம் வந்து, "பெரியப்பாவுக்கு ஒண்டும் சொல்லாத" என்றார்.

"கார் பிழையா முடிஞ்சிடும் பெரியம்மா."

"முடியட்டும்."

முடிந்தது. கொம்பனித்தெருவில், கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் பாஸ் ஒருவரின் பட்டறையில் கார் மூன்று கிழமை நின்றது. மலாய்க்காரரான அந்தப் பாஸ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சேர், இது ஒரிஜினலா? எங்கட சாச்சி வீட்டு பாத்ரூம் இந்தக் கலர்தான்" என்றார். பெரியப்பா கோபிக்கவில்லை. "மகன் கனடாவில இருந்து எடுத்து அனுப்பினது" என்றார். அதைப் பாஸிடமும் சொன்னார், பால்காரரிடமும் சொன்னார், முருங்கை மரத்துக்காரரிடமும் மதிலுக்கு மேலால் சொன்னார். ஐந்து வருடம் மகனின் பெயரைச் சொல்லாதவர்.

ஹீட்டருக்குப் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். "மாத்தயா, மே ரட்டே ஹீட்டர் மொகட்டத?" என்று ஒரு முதலாளி சிங்களத்தில் கேட்டார். இந்த நாட்டில் ஹீட்டர் எதற்கு என்ற அந்தக் கேள்வி எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. ஹீட்டர் என்ன செய்யும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஏதோ ஓர் ஆங்கிலக் காரிலிருந்து கழற்றிய இரும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. வானொலியைக் கழற்றிய ஓட்டையைத் தகடு வைத்து மூடினார்கள்.

கார் திரும்பி வந்த பிறகு முதல் பயணம் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணத்துக்கு. சித்திரை மாத வெயில். பம்பலப்பிட்டி தாண்டியதும் கால்களுக்கு நடுவிலிருந்து சூடு எழும்பத் தொடங்கியது. பெரியப்பா ஒரு திருகியைத் திருப்பினார். சூடு கூடியது. மறுபக்கம் திருப்பினார். திருகி கையோடு வந்துவிட்டது.

"நிப்பாட்டுங்கோ அண்ணை" என்றார் அப்பா.

"இது கொம்பனி போட்டது. கொஞ்சத்தில சரிவரும்."

சரிவரவில்லை. கோட்டைக்குக் கிட்டப் பெரிய நெரிசல். அம்மாவின் பட்டுச்சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. பெரியம்மாவின் பொட்டு மூக்குவரை வந்துவிட்டது. அப்பா தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் சத்தி எடுக்கிறார் என்றே பட்டிருக்கும். வானொலியும் இல்லாததால் எல்லோரும் மற்றவர் பெருமூச்சைக் கேட்கவேண்டியிருந்தது. நான் அடித்த ஒரு சொல்லில் நாங்கள் ஐந்து பேர் வெந்துகொண்டிருந்தோம். யாரிடமும் சொல்ல முடியாமல் நான் நடுவில் இருந்தேன். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். அழுகிறார் என்று நினைத்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்துக்குள் போனதும் மாப்பிள்ளையின் தகப்பன், "என்ன, மழையோ?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பெரிய கடித உறை ஒன்று வந்தது. கனடா முத்திரை, அண்ணாவின் கையெழுத்து. தபால்காரர் வாசல் கேட்டடியில் கொடுக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். பெரியப்பா உறையை அங்கேயே கிழித்தார். உள்ளே இரண்டு இருந்தன. ஒன்று தடித்த தாளில் அச்சடித்த பத்திரம். மற்றது கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை, இரண்டு பக்கமும் தமிழில் நெருக்கி எழுதியது. பெரியப்பா பத்திரத்தை என் கையில் தந்துவிட்டு ஒற்றையைப் பிடித்துக்கொண்டார். முதல் வரியில் "அப்பா" என்று இருந்ததை மட்டும்தான் நான் கண்டேன். அவர் அதை வாசித்தபடியே கொட்டகைக்குள் போய், கார்க் கதவைத் திறந்து, உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வெளியே நின்று பத்திரத்தை வாசித்தேன். நிறம்: சாம்பல். மணிக்கூடு: இல்லை. வானொலி: உண்டு. ஹீட்டர்: நீக்கப்பட்டது. சென்றடையும் துறைமுகம்: கொழும்பு.

எல்லாம் பிழை. ஒன்றுகூட, தவறுதலாகவேனும், சரியாக வரவில்லை. இவ்வளவு காலமும் தேடிய பேப்பர் இதோ என் கையில் இருக்க, அந்த மனிதர் உள்ளே வேறெதையோ வாசித்துக்கொண்டிருக்கிறார். எப்படியும் அடி விழத்தான் போகிறது, இப்போதே விழட்டும் என்று ஜன்னல் கண்ணாடியில் தட்டினேன். அவர் கண்ணாடியைக் கால்வாசி இறக்கினார்.

"பெரியப்பா, இதில சாம்பல் எண்டிருக்கு."

"ம்."

"ஹீட்டரும் இல்லையாம்."

"பிறகு பாப்பம் பிள்ளை" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார். அவருடைய கண் சிவந்திருந்தது. நிறத்தை நினைத்துத்தான் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

மாலையில் பத்திரத்தைக் கோப்பில் போட்டார். நான் அடித்த தாளும் அதற்குள்ளேயே இருந்தது. அதை எடுத்து என்னிடம் கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. கார் பச்சையாகவே நின்றது.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் குடையோடு படியடியில் நின்று கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேப்பர் வந்துவிட்டது, கோப்பு முடிந்துவிட்டது, அணியில் மறுபடி சேர்ப்பதா என்று மிஸ் அன்றுதான் முடிவு செய்வதாக இருந்தது.

"இன்னும் என்ன பெரியப்பா?"

"ஒரு சின்னக் கடிதம்."

அன்று அவர் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரவில்லை. வாசலிலும் இருக்கவில்லை. தலையிடி வரும் என்று தெரிந்தும் உள்ளே வந்து, எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, திரையைப் பார்த்தபடி இருந்தார். நான் "மேற்படி விடயம் தொடர்பாக" என்று வழமைபோல ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

"அதை வெட்டு" என்றார்.

வெட்டினேன். வெறும் திரை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த கணினிக்காரர் வந்து, வேலையை முடித்து, எழும்பிப் போனார்.

"பிள்ளை," என்றார் கடைசியில், "சாப்பிட்டியா எண்டதை இங்கிலீசில எப்பிடி எழுதிறது?"

நான் டக்கென்று அடித்துக் காட்டினேன். அவர் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இல்லை. இது வேற மாதிரி இருக்கு." வேறு விதமாக அடித்தேன். "இதுவும் இல்லை." மூன்றாவதாகவும் அடித்தேன். அதை மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "இல்லைப் பிள்ளை" என்றார்.

முப்பத்தைந்து வருடம் லண்டனுக்கும் யப்பானுக்கும் ஆங்கிலத்தில் எழுதித் தள்ளிய மனிதர். அவருக்கு இந்த ஒரு சொல் தெரியாதா? தெரியாவிட்டால்தான் என்ன, மூன்றில் ஏதாவது ஒன்றை அனுப்பினால் குடி முழுகிவிடுமா? அவன் சாப்பிட்டானா இல்லையா என்பதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.

"எதையாவது அனுப்புவமே பெரியப்பா" என்றேன், அழாக்குறையாக.

"பொறு பிள்ளை," என்றார் அவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "கொஞ்சம் பொறு."